இடம் ரகசியமில்லை, ஆள்தான் ரகசியம்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார். லேத் மெஷினைப் பற்றி எழுதலாமா, அப்துல் கலாமைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டும் போன வருட மலரிலேயே இருக்கின்றன. நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத. என் பேரும் வேணாம், உன் பேரும் வேணாம்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பெயர் இல்லை. மலர்க் குழுவுக்குத் தெரியும், அது போதும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் ஊரில் குடிகாரர் யார் யார் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குடியை விட நினைக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இது அப்படியே தலைகீழாக மாற வேண்டும். இடம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அங்கே போகிற ஆள் யாரென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கயிறு, மாலை, பொட்டலம்

என் அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு விடாமலே சுவர் கோணலைக் கண்ணால் சொல்லிவிடுவார். படித்தது மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வம்சத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குக் கூலி. கூலி வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை. மீதியை நான் எழுத வேண்டியதில்லை. என் முதல் செமஸ்டர் ஃபீஸ் அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டியது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினோம். இருபது நாள் தாங்கியது. சபரிமலைக்கு மாலை போடச் சொன்னோம். மாலை கழுத்தில் இருந்தவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கதை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அப்பாவுக்கு நிறுத்தத் தெரிகிறது, நிறுத்தினபடியே இருக்கத்தான் தெரியவில்லை.

மூன்றாவதாகச் செய்ததை நினைத்தால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அதைப் பார்த்து அம்மா ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். காலையில் குழம்பில் கலந்தாயிற்று. ராத்திரி குடித்துவிட்டு வந்த அப்பா முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்தார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அம்மா அழுதுகொண்டே பொட்டலத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அது சாப்பிடுகிறவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் தர வேண்டியது. உடம்பில் அது இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அந்த மாதிரி ஏதாவது கலந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். தோழர்களே, உங்கள் வீட்டில் யாராவது அந்த நோட்டீஸைப் பார்த்து நம்பர் குறித்துக்கொண்டால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சரியாக இருந்தார். மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிவிட்டார். ஒரு பூச்சியும் இல்லை. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம். வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஆகவே "இன்னையோட விடுறேன்" என்று வீட்டில் படுக்க வைத்துப் பார்ப்பது சரியில்லை. முதலில் டாக்டர், பிறகுதான் மற்றதெல்லாம்.

நாலு மாதம் தூங்கிய சீட்டு

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு சிஸ்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி, "சனி, மாலை 7 மணி" என்றும் எழுதிக் கொடுத்தார். "நாங்க உடம்பைச் சரி பண்ணிட்டோம். மறுபடி தொடாம இருக்கறதுக்குக் கூட நாலு ஆள் வேணும். இங்க போங்க" என்றார்.

அம்மா அந்தச் சீட்டை ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தார். அது அங்கேயே நாலு மாதம் இருந்தது. அப்பா பத்தொன்பதாம் நாளே மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

ஏன் போகவில்லை? அந்தப் பள்ளிக்கூடத் தெருவில் அம்மாவின் சித்தி வீடு இருக்கிறது. "யாராச்சும் பாத்துட்டா என்னடா நெனப்பாங்க?" என்றார் அம்மா. அதே தெருவில் அப்பா சாக்கடை ஓரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது! விழுந்து கிடப்பதைப் பார்த்தால் பரவாயில்லை, எழுந்திருக்கப் போவதைப் பார்த்துவிடக் கூடாது. நம்முடைய வெட்கத்தின் லட்சணம் இதுதான்.

ரேஷன் கடைக்குப் போக கவரை எடுத்தபோது சீட்டு கீழே விழுந்தது. நான் எடுத்துப் படித்தேன். அந்தச் சனிக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை அழைத்துப் போனேன். பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. போர்டு இல்லை, விளக்கு இல்லை, கேட்க ஆள் இல்லை. அரை மணி நேரம் நின்றோம். "பாத்தியா, நமக்குக் குடுப்பினை இல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா நேராகக் கடைக்குப் போனார். அன்றைக்கு அவர் குடித்தது எப்போதும் குடிப்பதைவிட அதிகம்.

மறு சனிக்கிழமை நான் மட்டும் போனேன். தெருவைச் சுற்றி வந்தபோது பின்பக்கம் ஒரு சின்ன கேட் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். போன வாரமும் இதே கேட் திறந்துதான் இருந்திருக்கிறது! "பின் கேட்" என்ற ஒரு வார்த்தை சீட்டில் இல்லாததால் எங்களுக்கு ஒரு வாரம் போயிற்று. சில வீடுகளில் அந்த ஒரு வாரத்தில் ஒரு உயிரே போய்விடும்.

இரண்டாம் வகுப்பு பெஞ்சில்

டீ ஊற்றியவர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் அப்பா பெயரைச் சொல்ல வாயெடுத்ததும், "பேரு வேணாம் தம்பி. அவரு வர்றப்ப வரட்டும். இன்னைக்கு ஓப்பன் மீட்டிங்தான், நீ வந்து உக்காரு" என்றார். குடிப்பவர்கள் மட்டும் உட்காரும் கூட்டம் உண்டு, யாரும் வந்து கேட்கலாம் என்கிற திறந்த கூட்டமும் உண்டு என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

அது இரண்டாம் வகுப்பு அறை. சுவரில் வாய்ப்பாடு. மொத்தம் 14 பேர், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பேண்ட்டுக்குள் சட்டையை விட்டிருந்த ஆபீஸரும் காரைக் கறை படிந்த லுங்கியும் ஒரே பெஞ்சு. ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினார்கள். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். பேசுகிறவரை யாரும் குறுக்கே மறிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பத்து வருடமாக புத்தி சொல்வதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. நான் இருபது ரூபாயை எடுத்தேன். "வேணாம் தம்பி, இது உறுப்பினர் மட்டும் போடறது. வெளியாள் காசை நாங்க வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் குடியை வைத்துக் காசு வாங்காத முதல் இடம் அதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர். பெயர் சொல்லாத குடிநோயாளர்கள் என்று பொருள். சுருக்கமாக ஏ.ஏ. இது பிறந்த கதையே ஒரு இடம் தேடிய கதைதான். 1935 மே மாதம் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி நியூயார்க்கிலிருந்து அக்ரன் என்ற ஊருக்கு ஒரு தொழில் விஷயமாக வந்தார். வந்த காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கிய ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் டெலிபோன். குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கே தொங்கிய சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து போன் செய்து, ஒருவர் சொல்ல இன்னொருவர் என்று போய், கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். அவரும் பெருங்குடிகாரர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அந்த ஹோட்டலில் ஒரு பட்டியல் தொங்கியதே, அதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் இது எதுவும் இல்லை.

அப்பா வந்த கதை

"நான் என்ன பைத்தியமா?" என்றார் அப்பா. நான் வாதாடவில்லை. அங்கே கேட்டதில் ஒன்றை மட்டும் சொன்னேன். "சென்ட்ரிங் வேலை பாக்கறவரு ஒருத்தரு பேசினாருப்பா. கை நடுக்கத்துல சாரத்துல நிக்க முடியாம, காலைல ஒரு குவார்ட்டர் போட்டுத்தான் ஏறுவாராம். இப்ப ஆறு வருஷமா வெறும் டீயோட ஏறறாராம்." அப்பா பதில் பேசவில்லை. காலையில் கை நடுங்குவது அவருக்கும் தெரியும். சாரமும் தெரியும். மூன்று வாரம் கழித்து, "அந்த சென்ட்ரிங்காரரு இந்த வாரம் வருவாரா?" என்று கேட்டார். மகன் சொல்லி, டாக்டர் சொல்லிக் கேட்காததை ஒரு சென்ட்ரிங்காரர் சொல்லக் கேட்டார். வெளியே வரும்போது, "நான் மூணாவதோட நின்னவன்டா, இப்ப ரெண்டாவதுல உக்காந்திருக்கேன்" என்று சிரித்தார். அப்பா குடிக்காமல் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதோடு சுபம் என்று போட எனக்கும் ஆசைதான். 41ஆம் நாள் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். "எந்த மூஞ்சியோட போவேன்" என்று படுத்துக்கொண்டார். சென்ட்ரிங்காரர் வீட்டுக்கே வந்து, டாக்டர் பாப்பே பில்லைச் சந்தித்த பிறகு ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத் திரும்பியவர்தான் என்று சொல்லி அழைத்துப் போனார். கூட்டத்தில், "வாங்க, உக்காருங்க" என்றார்களாம். அவ்வளவுதான். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இதை எழுதும் இன்று 226 நாள். மலர் உங்கள் கைக்கு வரும்போது எத்தனை என்று எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால், "இன்னைக்குக் குடிக்கல. நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். சனிக்கிழமை கூலி வாங்கும் நேரமும் கூட்டத்தின் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய வரம்.

நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

"மனக் கட்டுப்பாடு இருந்தா போதாதா?" என்று கேட்கிறார்கள். மஞ்சள் காமாலையை மனக் கட்டுப்பாட்டால் குணமாக்க முடியுமா? குடிக்கு அடிமையாவது நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே சொல்லிவிட்டது. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஒரு அதிகாரமே எழுதினார். நாமும் பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். அறிவுரைக்கு நம்மிடம் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

"மதம் மாத்தற இடமா?" என்று இன்னொரு கேள்வி. எங்கள் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டேதான் அப்பா போகிறார். பக்கத்தில் தொப்பி போட்ட பாய் உட்காருகிறார். பிரார்த்தனை உண்டு. ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். உறுப்பினர் ஆவதற்கு வேண்டிய ஒரே தகுதி குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டுமே.

"பேசறதால என்னடா ஆகும்?" என்றான் என் நெருங்கிய நண்பன். 2020ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமலே இருப்பதில், ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது என்று தெரிந்தது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மருந்து, சிலருக்கு ஆலோசனை, சிலருக்கு எல்லாமே தேவைப்படும். ஆனால் போய்ப் பார்க்காமலே பொருந்தாது என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் அப்பாவுக்கு மட்டும் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே எனக்கு இன்னும் வயிறு கலங்கும். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951லிருந்து இருக்கிறது. சென்னையில் 1980ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனத்தில் குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைக்கிறார்கள். என் அம்மா இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. "எனக்கென்னடா, நான் நல்லாதான இருக்கேன்" என்கிறார். அந்த வேலை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019ல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைக்கிறது. மற்ற 37 பேர் எங்கே? அவர்கள் வீட்டிலும் ஒரு ரேஷன் கார்டு கவரும் அதற்குள் ஒரு சீட்டும் இருக்கலாம். பெரும்பாலான வீட்டில் சீட்டே இருக்காது. 2017ல் நெடுஞ்சாலைக் கடைகளை மூடினார்களே, புதுக் கடை எங்கே என்று ஊருக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. கூட்டம் நடக்கும் இடத்துக்கு மட்டும் ஏன் அந்த விளம்பரம் இல்லை?

ஆகவே நம் சங்கம் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: நோட்டீஸ் போர்டில் நிரந்தரமாக ஒரு மூலை. கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம், எந்த கேட் என்பது வரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை சரிபார்த்து மாற்ற வேண்டும். அதன் கீழே போதை மறுவாழ்வுக்கான இலவச உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவையும் இருக்க வேண்டும். அந்த மூலையில் நின்று படிப்பவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. யாருக்காகக் குறிக்கிறான் என்று கேட்கவும் கூடாது.

இரண்டு: சங்க நாள் விழாவில் அரை மணி நேரம். ஏ.ஏ. உறுப்பினர்களை முறையாக அழைத்துப் பேசச் சொல்லலாம். நம் ஹாஸ்டலில் ஃபேர்வெல் என்றால் பாட்டில் இல்லாமல் இல்லை என்பதை முதல்வருக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அப்பாவும் பதினெட்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் "சும்மா ஒரு நாள்" என்றுதான் ஆரம்பித்தார்.

மூன்று: இதற்குக் காசு வேண்டாம், மனசு வேண்டும். "குடிகாரன் மவனே" என்று வகுப்பில் கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். முதல் வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவன் விளையாட்டாகத்தான் கூப்பிட்டான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு நாலு மாதம் கவருக்குள் கிடந்தது.

நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இந்த இடம் தேவை என்று நான் கேட்கப் போவதில்லை. கை தூக்கச் சொல்லவும் மாட்டேன். போர்டில் எழுதி வைப்போம். தேவைப்படுகிறவர் பார்த்துக்கொள்வார். பின்பக்க கேட் திறந்தே இருக்கும். டீ சூடாக இருக்கும். பெஞ்சுதான் கொஞ்சம் சின்னது.

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை